ஜொவிட்டா சொல்லாமல் விட்டது

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், கீழே துணிக்கடையும் நடுவில் பல் டாக்டரும் இருக்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அந்த வணிகக் கண்காட்சி நிறுவனம் இருந்தது. வருடத்துக்கு நாலு கண்காட்சி நடத்துவார்கள். ஹோட்டல் சமையல் இயந்திரங்களுக்கு ஒன்று, பள்ளிக்கூடச் சாமான்களுக்கு ஒன்று, இப்படி. கண்காட்சியில் ஸ்டால் எடுக்கிற கம்பெனிக்காரர்களுக்கு எல்லா சந்தேகத்துக்கும் ஒரே விலாசம் ஜொவிட்டாதான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். லாரி எந்த வாசலில் வரணும், பேனர் எவ்வளவு உயரம் போகலாம், பாஸ் தொலைந்தால் என்ன செய்யணும், எதுவானாலும் அவளுடைய கைபேசி அடிக்கும். மந்தைவெளியில் வீட்டில் சோறு வடிக்கும்போதும் அடிக்கும். "இந்த ஊர்ல உன்னைத் தெரியாத கிரைண்டர் கம்பெனி உண்டா?" என்று கணவர் ஆஸ்டின் கேலி செய்வார். அவர் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் இரண்டு வாரம் முன்னால் ஸ்டால்காரர்களைக் கூட்டி ஆயத்த நாள் என்று ஒன்று நடக்கும். அதை நடத்துவதும் ஜொவிட்டாதான். ஹோட்டல் ஒன்றில் குளிர்ந்த அறை, வரிசையாக நாற்காலி, திரையில் எழுபத்திரண்டு படங்கள். ஒவ்வொரு விதியையும் அவள் வாசித்து விளக்குவாள். நூற்றுப்பத்துக் கம்பெனிகளில் நாற்பது பேர் வந்தால் அதிகம். பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாடு வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டதும் அறையில் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். ஜொவிட்டா அந்த ஒன்பது பேருக்கும் கடைசிப் படம் வரை விடாமல் வாசிப்பாள். விதி என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் சுவாரசியத்துக்கு என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

போன வருடம் ஜூன் மாதம் ரூபீனா வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தொன்பது வயது. திருவல்லிக்கேணியில் வீடு. அதற்கு முன் கல்யாணப் புடவை, நகைக் கண்காட்சிகள் நடத்தும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தவள். முதல் நாளே ஜொவிட்டாவை "அக்கா" என்று கூப்பிட்டாள். அவள் பழைய ஆயத்த நாளின் வருகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் போய், "சார், அடுத்ததை நான் ஒரு தடவை செஞ்சு பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். இயக்குநர் ஜொவிட்டாவைக் கூப்பிட்டு, "உங்களுக்கும் வேலை கொறையும்ல?" என்றார். "ஆமா சார்" என்றாள் ஜொவிட்டா. இருக்கைக்கு வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு விண்ணப்பத்தையே மூன்று தடவை படித்தாள். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ரூபீனா ஹோட்டலை விட்டுவிட்டு அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தாள். மேஜைகளையெல்லாம் ஓரம் கட்டி, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கட்டங்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்டால். வந்தவர்களில் பாதிப்பேர் கட்டத்துக்குள் நிற்கணும், மீதிப்பேர் பார்க்க வருகிறவர்களாக நடிக்கணும். நடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு. ஒரு சீட்டில், 'நீங்கள் கும்பகோணத்தில் மூன்று மெஸ் வைத்திருப்பவர், ரயிலுக்கு நேரமாகிறது.' இன்னொன்றில், 'நீங்கள் போட்டிக் கம்பெனி ஆள், விலையைக் கறக்க வந்திருக்கிறீர்கள்.' மற்றொன்றில், 'உங்களுக்கு இலவசப் பை மட்டும் போதும்.' இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் அடித்தால் அடுத்த கட்டத்துக்கு நகரணும்.

ஜொவிட்டா வாசலில் பெயர் பதிகிற மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்றாறு பேர் வந்தார்கள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தன் ஆயத்த நாளில் யாராவது சிரித்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவை மைக் கீழே விழுந்தபோது சிரித்தார்கள்.

முருகையன் கட்டத்துக்குள் நின்றது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. கிண்டித் தொழிற்பேட்டையில் ஹோட்டலுக்கான பெரிய மாவு கிரைண்டர் செய்கிறவர். பன்னிரண்டு வருடமாக ஸ்டால் எடுக்கிறார். "வாங்க சார்" என்பதற்கு மேல் வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை பேச வராத மனிதர். முதல் சுற்றில் வழக்கம்போல நோட்டீசை நீட்டிவிட்டு நின்றார். ரூபீனா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, உங்க கிரைண்டர்ல அப்படி என்ன விசேஷம்?"

"மாவு சூடாகாதும்மா."

"எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பார்த்தா தெரியும்."

"அப்ப அவங்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நோட்டீஸ் எதுக்கு?"

அடுத்த விசிலில் முருகையன், மெஸ்காரராக நடிக்க வந்தவரின் உள்ளங்கையைப் பிடித்து, இல்லாத மாவை அதில் வைத்து, "சூடு இருக்கா பாருங்க. நாற்பது லிட்டர் ஆட்டி எடுத்த மாவு" என்றார். கூடமே கைதட்டியது. முருகையன் சின்னப் பையனைப்போல வெட்கப்பட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் முகத்தை ஜொவிட்டா அப்படிப் பார்த்ததில்லை.  வருகைப் பட்டியலைத் திருப்பி, வந்தவர்களை மறுபடியும் எண்ணினாள். 

மறுநாள் காலையில் முருகையனிடமிருந்து போன் வந்தது. வழக்கமான குரல். "ஜொவிட்டாம்மா, வணக்கம். ரூபீனா மேடம் பக்கத்துல இருக்காங்களா? அவங்க நம்பர் இல்லை எங்கிட்ட."

ஜொவிட்டா போனை ரூபீனாவிடம் கொடுத்தாள். அவர்கள் பேசி முடிக்கும் வரை, தன் போன் தன் கைக்குத் திரும்பி வருவதற்காகப் பக்கத்தில் நின்றாள்.

அன்று மாலை ரூபீனா, எல்லா ஸ்டால்காரர்களுக்கும் அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதி முடித்திருந்தாள். ஒரே பக்கம். கண்காட்சிக்கு முன் செய்ய வேண்டியவை இன்னின்னது, இந்தத் தேதிக்குள். மேலே கொட்டை எழுத்தில், 'இயந்திரத்தை ஓட்டிக் காட்டுங்கள். ஓடும் இயந்திரத்துக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும்.'

"அக்கா, ஒரு தடவை பாருங்களேன். நான் ஏதாவது விட்டுட்டேனா?"

ஜொவிட்டா வாசித்தாள். இரண்டாவது தடவை வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்டாலுக்குச் சாதாரணமாகக் கொடுப்பது ஒரே ஒரு சின்ன பிளக். விளக்குக்கும் போன் சார்ஜ் போடவும் போதும். பெரிய மோட்டாரோ அடுப்போ ஓடவேண்டுமென்றால் கூடுதல் மின்சாரத்துக்குத் தனி விண்ணப்பம் கொடுக்கணும். கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்தாகணும். அதற்குப் பிறகு கண்காட்சி நடக்கிற அரங்கத்துக்காரர்கள் வாங்குவதில்லை. இன்னும் மூன்று நாள் இருந்தது. புடவைக் கண்காட்சி நடத்திய பெண்ணுக்கு இது தெரிய நியாயமில்லை. அறுபத்துநாலு பக்க விதிப் புத்தகத்தில் எங்கேயோ இருக்கிறது, ஆனால் அதை எவரும் படிப்பதில்லை. வருடா வருடம் ஜொவிட்டா வாயால் சொல்லித்தான் விண்ணப்பங்கள் வரும். அந்தத் தூங்குமூஞ்சி ஒன்பது பேரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு அவளே போன் போட்டு நினைவுபடுத்துவாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அனுப்பிடும்மா" என்றாள்.

சொல்லும்போது குரல் கொஞ்சங்கூட மாறவில்லை. அதுதான் பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று நாள் என்பது நிறைய நேரம். காலையில் பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அலுவலகத்துக்கு வந்தால் ரூபீனாவின் மேஜையைச் சுற்றி இரண்டு பேர் நிற்பார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று தோன்றும். புத்தகத்தில் அச்சடித்துத்தானே இருக்கிறது, படிக்காதது யார் தப்பு என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். கடைசி நாள் சாயங்காலம் ரூபீனா ஒரு டப்பாவில் தம்ரூட் அல்வா கொண்டுவந்தாள். அவள் தங்கைக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. அம்மாவை அவள் அம்மி என்றுதான் சொல்வாள்.

"முதல்ல அக்காவுக்குத்தான். அம்மி சொல்லி அனுப்பிச்சாங்க, உங்க ஆபீஸ் அக்காவுக்குக் கொடுன்னு."

ஜொவிட்டா வாங்கித் தின்றாள். நன்றாக இருந்தது. மணி ஐந்தரை ஆகியிருந்தது. அரங்கத்து அலுவலகம் ஆறுக்கு மூடும். கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஸ்டால் கட்டும் நாள். காலை எட்டு மணிக்கெல்லாம் லாரிகள் வந்துவிட்டன. முருகையன் நாற்பது லிட்டர் கிரைண்டரை நாலு ஆள் வைத்து இறக்கினார். மறுநாள் ஆட்டுவதற்கு அரிசி, உளுந்து மூட்டையும் கூடவே வந்திருந்தது. அந்த அரங்கின் மின்வேலைக் குத்தகைக்காரர் மெஹபூப் அலி. ஜொவிட்டாவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அவர் கிரைண்டரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இத்த எங்க சொருவப் போற? உன் ஸ்டாலுக்கு ஒத்த பிளக்குதான் கீது. அதுல இத்தப் போட்டா ஹாலே படுத்துக்கும்."

அரைமணி நேரத்தில் பதினாறு கம்பெனிக்காரர்கள் ரூபீனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டிக் காட்டச் சொன்னது நீதானே, சுட்டுக் காட்டச் சொன்னது நீதானே என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஜொவிட்டா உதவி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சியை அவள் பன்னிரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் ரூபீனா அழுவாள், அல்லது அரங்கத்துக்காரர்கள் மேல் பழி போடுவாள். அப்புறம் எல்லோரும் ஜொவிட்டாவின் மேஜைக்கு வருவார்கள்.

ரூபீனா அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை.

"தப்பு என்னோடது. கூடுதல் கரண்டுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லலை. எனக்கே தெரியலை. தெரிஞ்சிருக்கணும். எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க."

ஜொவிட்டாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் மெஹபூப் அலியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாய், கூடத்துல எங்கயாவது பெரிய லைன் சும்மா இருக்கா?"

"இன்னா மேடம், ஒங்களுக்குத் தெரியாததா? எல்லாம் பிரிச்சுக் குட்த்தாச்சு." அவர் தாடியைச் சொறிந்தார். "சமையல் செஞ்சு காட்ற மேடைக்கு ஒண்ணு போவுது. ஆனா அங்க மூணு மணிக்கு மேலதான சமைக்கிறாங்க."

காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை அந்த லைன் சும்மா இருந்தது. ஜொவிட்டா போய் ரூபீனாவிடம் சொன்னாள். இயந்திரங்களை மேடைக்குக் கொண்டுபோய், ஆளுக்கு இருபது நிமிடம் ஓட்டிக் காட்டலாம். ரூபீனா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா" என்றாள். ஜொவிட்டா கையை உருவிக்கொண்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தூக்க முடியாத பேக்கரி அடுப்பு கொண்டுவந்த நாலு கம்பெனிகள் மூன்று நாளும் ஓடாத அடுப்புக்கு முன்னால் நின்றன. அதில் ஒருவர் இரண்டாம் நாளே மூட்டை கட்டிக்கொண்டு போனார், பிறகு ஸ்டால் எடுக்க வரவேயில்லை. முருகையனுக்குத் தினம் இருபது நிமிடம் கிடைத்தது. அவர் எதிர்பார்த்திருந்த வேலூர் ஹோட்டல்காரர் அந்த நேரம் தப்பி வந்து, நிற்கிற கிரைண்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் பெயர் கிடைத்தது. மூன்றாம் நாள் மதியம் முருகையன் ஜொவிட்டாவின் மேஜைக்குத் தானே டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஜொவிட்டாம்மா, நீங்க இருந்ததால தப்பிச்சோம். அந்தப் பொண்ணுக்கு விளையாட்டு காட்டத்தான் தெரியுது. பழைய ஆள் பழைய ஆள்தான்."

இயக்குநரும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னார். "அடுத்த ஆயத்த நாளை நீங்களே பண்ணிடுங்க ஜொவிட்டா. ரூபீனா டிக்கெட் கவுண்டரைப் பார்த்துக்கட்டும்."

வேண்டியதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஜொவிட்டா அந்த டீயை ஆறவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்தாள். முருகையன் உள்ளங்கை பிடித்துப் பேசிய அந்த ஒரு நாள் கண்முன் வந்தது. அவருடைய அந்த முகத்தைக் கொண்டுவந்தவள் தானில்லை. இன்றைக்கு அவர் சொன்ன நல்ல வார்த்தையும் தனக்குச் சேர வேண்டியதில்லை.

சாயங்காலம் ஸ்டால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரூபீனா ஒரு மூலையில் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜொவிட்டா பக்கத்தில் போய் நின்றாள்.

"ரூபீனா, அந்தக் கடிதத்தை நீ எங்கிட்டக் காட்டினப்பவே எனக்குத் தெரியும். கரண்ட் விஷயம் அதுல இல்லைன்னு."

ரூபீனாவுக்கு முதலில் புரியவில்லை. "தெரியும்னா?"

"தெரிஞ்சுதான் சரியா இருக்குன்னு சொன்னேன். மூணு நாள் இருந்தது. சொல்லலை."

"ஏன்க்கா?"

இந்தக் கேள்விக்கு ஜொவிட்டா பல பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, "பொறாமை" என்றாள்.

ரூபீனா டேப் சுருட்டுவதை நிறுத்தினாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்களைப் பத்தி அம்மிகிட்ட அவ்வளவு பெருமையாப் பேசினேன். இப்ப இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு ஜொவிட்டா ஆஸ்டினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. "இயக்குநர்கிட்டச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை அதையும் சொன்னாள். இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை" என்றார். ஆயத்த நாள் மறுபடியும் ரூபீனாவுக்குப் போனது. முருகையனுக்கு ஜொவிட்டாவே போன் போட்டு உண்மையைச் சொன்னாள். அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். பிறகு அவரிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. அலுவலகத்தில் வேலை இருந்தது, மேஜை இருந்தது. ரூபீனா மட்டும் "அக்கா" என்பதை விட்டு "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். வேலை விஷயம் மட்டும் பேசினாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜொவிட்டாவுக்கு அது ஒவ்வொரு நாளும் உறைத்தது.

இரண்டரை மாதம் கழித்துப் பள்ளிக்கூடச் சாமான் கண்காட்சிக்கான ஆயத்த நாள் வந்தது. மயிலாப்பூரில் ஒரு சபா கட்டடத்தின் மாடிக் கூடம். ரூபீனா அனுப்பிய நிகழ்ச்சி நிரலில், பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை, 'விதிகள்: ஜொவிட்டா' என்று இருந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. எழுபத்திரண்டு படங்களை வீட்டில் உட்கார்ந்து ஆறாகக் குறைத்தாள். மூன்று நாள் ஆயிற்று.

அரைமணி நேரத்தில் சொல்லி முடித்தாள். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. அதன்பிறகு ரூபீனாவின் விளையாட்டு தொடங்கியது. ஒரு சீட்டுக்கு ஆள் குறைந்தது. 'நீங்கள் எட்டுப் பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் வாங்குகிறவர், எதிலும் திருப்தி இல்லாதவர்.' ரூபீனா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பார்வை வாசல் மேஜையில் நின்றது.

"மேடம், நீங்க வர்றீங்களா?"

ஜொவிட்டா எழுந்து போனாள். முதல் கட்டத்தில் ஒரு பெஞ்சுக் கம்பெனிக்காரர் "வாங்க மேடம்" என்றார். அவள் இல்லாத பெஞ்சைக் குனிந்து பார்த்து, "இந்த ஆணி வெளிய வந்து பிள்ளைங்க பாவாடையைக் கிழிச்சா யார் தைச்சுக் கொடுப்பா? நீங்களா, உங்க வீட்டம்மாவா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடம் ஸ்டால் ஸ்டாலாக நடந்து கேட்ட கேள்விகள் எல்லாம் வாயில் வந்தன. ஆஸ்டினின் வாத்தியார் குரலும் எப்படியோ சேர்ந்துகொண்டது. விசில் அடித்த பிறகும் கூட்டம் அவளைப் பின்தொடர்ந்து அடுத்த கட்டத்துக்கு வந்தது. ரூபீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை ஜொவிட்டா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் ரூபீனாவைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜொவிட்டாவையும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அவள் போய் நின்றாள். நின்றபடியே, எத்தனை பேர் யார் பக்கம் திரும்பிப் பேசுகிறார்கள் என்று அவள் கண் தன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ரூபீனா படிக்கட்டு வரை வந்தாள். "செப்டம்பர்ல இன்னொண்ணு இருக்கு. இதே சீட்டு உங்களுக்குத்தான்" என்றாள். அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை.

மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்கு ஜொவிட்டா நடந்தே போனாள். வீட்டில் ஆஸ்டின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. அவ நல்லா நடத்தினா. என்னையும் நடிக்க வெச்சா."

"வயித்தெரிச்சல்?"

ஜொவிட்டா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இருந்துச்சு" என்றாள். ஆஸ்டின் தலையாட்டிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தார். அவள் டீ போட உள்ளே போனாள்.